ஆக்சிஜன் சேம்பருக்குள் 23 மாலைகள்

முழங்காலில் ஏ.சி.எல். என்ற மூட்டுத் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகிப் பத்து வாரம் கடந்திருந்தது. ஊன்றுகோலை விட்டுவிட்டேன். ஆனாலும் படி இறங்கும்போது கால் நடுங்கும், சாயங்காலமானால் மூட்டு வீங்கிக்கொள்ளும். ‘இதெல்லாம் இப்படித்தான் இருக்கும், பொறு’ என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல யாரும் இல்லை. தூக்கம் வராமல் போனைத் தள்ளிக்கொண்டே படுத்திருந்த ஒரு ராத்திரியில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. வெள்ளை நிறத்தில் நீளமான பை, அதற்குள் ஒருவர் கண்மூடிப் படுத்திருக்கிறார். ‘மைல்ட் ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன் தெரபி. காயம் வேகமாக ஆறும், வீக்கம் வடியும், உடம்பு புதிதாகும்.’ அழுத்தம் கூட்டிய பைக்குள் படுத்து ஆக்சிஜன் சுவாசிப்பதுதான் அது. விளையாட்டு வீரர்கள் செய்துகொள்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. மறுநாளே போய் நின்றேன். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. நான் செய்த முதல் தப்பு அதுதான்.

அந்த மையத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அங்கிருந்தவர்கள் என்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் சொன்னார்கள். 40 செஷன் கொண்ட பேக்கேஜ். என் மூன்று மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் குறைவு. பாதிக்கு மேல் கிரெடிட் கார்டில் போட்டேன். ஒரே ஒரு செஷன் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, “ஒண்ணு ரெண்டுல ஒண்ணும் தெரியாது மேடம், நாப்பது போனாத்தான் பாடி ரெஸ்பான்ட் பண்ணும்” என்று பதில் வந்தது. கையெழுத்துப் போட்ட படிவத்தில் இரண்டு வரி இருந்தது: கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது; இது எந்த நோயையும் குணப்படுத்தும் என்று உறுதி தரவில்லை. இந்த இரண்டையும் நான் படித்தது ஆறு வாரம் கழித்து. யாராவது இப்படிப் பேக்கேஜ் போடச் சொன்னால் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு ராத்திரி வைத்துப் படியுங்கள். ஒரு செஷனுக்கு மட்டும் பணம் கட்ட விடாத இடத்தில் நாற்பதுக்குக் கட்டாதீர்கள்.

உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். தடித்த துணியும் பிளாஸ்டிக்கும் சேர்த்துத் தைத்த ஒரு குழாய்ப் பை. ஆள் உள்ளே போய்ப் படுத்ததும் இரண்டு அடுக்கு ஜிப்பை இழுத்து மூடுவார்கள். வெளியே கம்ப்ரஸர் உறுமத் தொடங்கும். காற்று ஏற ஏற, தொளதொளவென்று கிடந்த பை விறைத்து, விரலால் சுண்டினால் டங் என்று சத்தம் வரும் அளவுக்கு ஆகிவிடும். தலைமாட்டில் ஒரு சின்ன மீட்டர். அதன் முள் மெல்ல நகர்வதைப் பார்த்துக்கொண்டே எச்சில் விழுங்க வேண்டும், காது அடைக்காமல் இருக்க. பத்து நிமிஷம் ஏற்றம், ஒரு மணி நேரம் படுக்கை, பத்து நிமிஷம் இறக்கம். போன் கூடாது. போக வரவும் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருந்தது. வலிக்கும் காலுக்கடியில் தலையணையை வைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத இடத்தில், கம்ப்ரஸரின் ஒரே சீரான சத்தத்தைக் கேட்டபடி கிடப்பேன். முதல் வாரத்திலேயே ராத்திரித் தூக்கம் கொஞ்சம் தேறியது. ஆக்சிஜன் வேலை செய்கிறது என்று நம்பினேன்.

ஒன்பதாம் நாள் ஒன்று நடந்தது. வழக்கமாக ஒரு மெல்லிய குழாயும் மாஸ்க்கும் தருவார்கள். அன்றைக்குத் தரவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினான கான்சன்ட்ரேட்டர் ரிப்பேர் என்றார்கள். “அப்போ இன்னைக்கு வேணாமா?” என்று கேட்டேன். “பரவால்ல அக்கா, பிரஷர் இருந்தாப் போதும்” என்று அங்கே வேலை பார்த்த பெண் ஜிப்பை மூடிவிட்டாள். அன்றும் அதே மாதிரிதான் இருந்தது, அதே தூக்கம், அதே இதம். வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. ஆக்சிஜன் சிகிச்சையில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் இத்தனை நாள் எனக்குக் கிடைத்தது என்ன? அன்றிரவு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். பணம் கட்டுவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

கணக்கு பெரிய கணக்கில்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். இந்த மென்பைகளில் அழுத்தம் சாதாரணத்தை விட 1.3 மடங்கு, அதாவது கடலில் ஏறத்தாழ 3 மீட்டர் ஆழத்தில் இருப்பது போல. 21-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 27 சொச்சம். வெறும் காற்றை அந்த அழுத்தத்தில் சுவாசிப்பதும், வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதும், ஆக்சிஜனைப் பொறுத்தவரை ஒன்றுதான். ஆஸ்பத்திரி வார்டில் மூக்கில் மாட்டும் சாதாரணக் குழாயில் நிமிஷத்துக்கு 2 லிட்டர் விட்டால் அதே அளவு கிடைத்துவிடும். மாஸ்க் போட்டால் கூடும், வாஸ்தவம். ஆனால் தளர்வான மாஸ்க்கில் பக்கத்துக் காற்றும் கலந்துதான் உள்ளே போகிறது. மெஷினின் வாயில் 90 சதவீதம் என்று எழுதியிருப்பதால் நுரையீரலுக்கும் 90 போகிறது என்று அர்த்தமில்லை. மருத்துவமனையில் செய்யும் உண்மையான ஹைப்பர்பாரிக் சிகிச்சையில் அழுத்தம் பெரும்பாலும் 2 முதல் 3 மடங்கு, சுவாசிப்பது தூய ஆக்சிஜன். 2.4 மடங்கில் தூய ஆக்சிஜன் சுவாசிப்பவருக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அழுத்தம், மாஸ்க் இல்லாத அந்த ஒன்பதாம் நாள் எனக்குக் கிடைத்ததைப் போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு. பெயர் ஒன்றுதான், மருந்தளவு வேறு.

இதில் என்னை மிகவும் நம்ப வைத்த ஒரு பொருளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு நாளும் முன்னும் பின்னும் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிக் காட்டுவார்கள். முன்னால் 98, பின்னால் 99. “பாத்தீங்களா அக்கா, ஏறியிருக்கு.” நானும் சந்தோஷப்பட்டேன். அந்தக் கருவி பார்ப்பது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான். ஆரோக்கியமான நுரையீரல் உள்ளவருக்கு அது எப்போதுமே நிரம்பித்தான் இருக்கும். 98-க்கும் 99-க்கும் நடுவே ஒன்றும் இல்லை. அழுத்தச் சிகிச்சை கூட்டுவது ரத்தத் திரவத்தில் கரையும் ஆக்சிஜனை. அதை விரல் கருவி காட்டவே காட்டாது. 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமப்பது ஏறத்தாழ 20 மி.லி. ஆக்சிஜன், கரைந்திருப்பது 0.3 மி.லி. தான். மென்பையில் வெறும் காற்றோடு படுத்தால் அது 0.4 சொச்சம் ஆகும். 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் என்றால் 6 மி.லி. வரை போகும். 1960-இல் ஆம்ஸ்டர்டாமில் போரெமா என்ற அறுவை நிபுணர், ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கிட்டத்தட்ட முழுக்க நீக்கிய பன்றிகளை இப்படிக் கரைந்த ஆக்சிஜனை வைத்தே உயிரோடு வைத்திருந்து காட்டினார். அந்தப் பலத்தை நம்பித்தான் நான் மென்பைக்குப் பணம் கட்டியிருந்தேன்.

மையத்தில் எனக்குக் காட்டிய ஆய்வுகளும் அப்படித்தான். குரோமோசோம் நுனிகளான டெலோமியர் நீளுகிறது, முதுமை பின்னோக்கிப் போகிறது என்று ஒரு அச்சுத்தாள் கொடுத்தார்கள். அது இஸ்ரேலில் செய்து 2020-இல் வெளியான ஆய்வு. தேடி எடுத்துப் பார்த்தால், 2 மடங்கு அழுத்தம், தூய ஆக்சிஜன், 60 செஷன், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு கிடையாது. 1.3-க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1.3-ஐப் பற்றி உருப்படியாகச் சொல்வது 2001-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு. மூளை வாதம் உள்ள 111 குழந்தைகள். பாதிப் பேருக்கு 1.75 மடங்கில் தூய ஆக்சிஜன், மீதிப் பேருக்கு 1.3 மடங்கில் வெறும் காற்று. இரண்டு குழுவும் ஒரே அளவு முன்னேறியது. 1.3-ம் வேலை செய்கிறது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அக்கறையான கவனிப்பும் எதிர்பார்ப்பும்தான் இரண்டு பக்கமும் வேலை செய்தது என்று படிப்பவர்களும் உண்டு. என் தூக்கம் தேறியதை வைத்து எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. தினமும் ஒரு மணி நேரம் போன் இல்லாமல் படுத்திருந்தால் யாருக்கும் தூக்கம் வரும். தசைவலி, சுளுக்கு விஷயத்தில் மருத்துவ ஆய்வுகளை அலசி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்தபோது, முழு அழுத்தச் சிகிச்சையே காயத்தைச் சீக்கிரம் ஆற்றுகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி கொஞ்சம் கூடுவதாகக்கூடத் தெரிந்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் நான் நிறுத்தவில்லை. பணம் கட்டியாயிற்றே. அங்கேதான் உண்மையான நஷ்டம் தொடங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் ஃபிசியோவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மையத்தில், நடுவில் இடைவெளி விழுந்தால் பலன் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். மாலை நேரம் முழுக்க அங்கே போயிற்று, கையில் காசும் இல்லை. மூன்று நாள் ஒரு நாளாயிற்று, பிறகு அதுவும் விட்டுப்போனது. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியையும் ‘சேம்பர்தான் போகிறோமே’ என்று தள்ளிவைத்தேன். படுத்துக்கிடப்பதை சிகிச்சை என்றும், வலிக்க வலிக்கக் காலைத் தூக்குவதைத் தொந்தரவு என்றும் மனசு பிரித்து வைத்துக்கொண்டது.

ஐந்தாவது வாரத்தில் எனக்கு ஜலதோஷம். மூக்கடைப்பு. போகலாமா என்று யோசித்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. 23-வது செஷன். முள் பாதி ஏறும்போதே இடது காதில் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல இருந்தது. விழுங்கினேன், கொட்டாவி விட்டேன், திறக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பலமாக ஊதினேன். அப்போதும் இல்லை. ‘வலிச்சா தட்டுங்க’ என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். எல்லாரும் தாங்குகிறார்களே, நாமும் தாங்கிவிடலாம் என்று பல்லைக் கடித்தேன். காதுக்குள் சுருக்கென்று கத்தியால் கீறினாற்போல் ஒரு வலி. அதற்குப் பிறகுதான் பையைத் தட்டினேன். அவசரமாக இறக்கினார்கள். வெளியே வந்தபோது உலகம் ஒரு பக்கம் மட்டும் தண்ணீருக்கடியில் இருப்பது போல மங்கிக் கேட்டது. தனியாக ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். கால் போதாதென்று காதையும் கெடுத்துக்கொண்டேனே என்று.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை சிவந்து உள்ளே இழுத்திருக்கிறது, பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் ‘மைல்ட்’ என்ற சொல் காதுக்குப் பொருந்தாது. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு சின்னக் குழல் போகிறது. விழுங்கும்போது அது திறந்து இரண்டு பக்க அழுத்தத்தையும் சமன் செய்யும். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 90 மி.மீ. பாதரச அளவுக்குப் போய்விட்டால் குழல் பூட்டிக்கொள்ளும், அதற்குமேல் எவ்வளவு விழுங்கினாலும் திறக்காது. மென்பை ஏற்றும் கூடுதல் அழுத்தம் 228 மி.மீ. சளி பிடித்திருந்தால் குழலின் வாயே வீங்கியிருக்கும். அடைப்பு லேசாகத் தெரியும்போதே ஏற்றத்தை நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் இறக்கி, திறந்தபிறகு மறுபடி மெதுவாக ஏற்ற வேண்டும். வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது, பலமாக ஊதவும் கூடாது. ஜலதோஷம், சைனஸ், காதுவலி உள்ள நாளில் போகவே கூடாது. எனக்குக் காது மறுபடி முழுதாகக் கேட்க மூன்று வாரம் ஆயிற்று. “மருந்தை விடப் பொறுமைதாம்மா இதுக்கு” என்றார் அவர். அந்த ‘அம்மா’ என்ற ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் நிறைந்தது.

காது மட்டுமில்லை. நுரையீரல் உறையில் காற்றுக் கசிவு இருப்பவர்கள் அழுத்தச் சேம்பருக்குள் போகவே கூடாது; ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், வலிப்பு, சில புற்றுநோய் மருந்துகள் எடுத்தவர்கள் டாக்டரிடம் பேசாமல் போகக்கூடாது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்கு முழு அழுத்தச் சிகிச்சையின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். என்னிடம் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே பார்க்கவில்லை, காதுக்குள் விளக்கு அடித்துப் பார்க்கவில்லை. நான் பாலியெஸ்டர் டிராக்சூட்டோடும், மூட்டில் தடவிய எண்ணெய்த் தைலத்தோடும் 22 நாள் போய் வந்திருக்கிறேன். ஆக்சிஜன் கூடிய இடத்தில் ஒரு பொறி போதும். 1997-இல் இத்தாலியின் மிலான் நகரில் மருத்துவமனைச் சேம்பர் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் சேம்பருக்குள் தீயில் இறந்தான். காற்று நிரப்பும் பையில் ஆபத்து அதைவிடக் குறைவுதான். ஆனால் மாஸ்க்கிலிருந்து கசியும் ஆக்சிஜன் உள்ளேதான் சேருகிறது. பருத்தி உடை, தலையிலும் உடம்பிலும் எண்ணெய், கிரீம் எதுவும் இல்லாமல், போன், வாட்ச் எதுவும் எடுக்காமல் போக வேண்டும். இதை வாசலிலேயே சோதிக்காத இடத்தில் உள்ளே போகாதீர்கள்.

பையை வாடகைக்கு எடுத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஒன்று. எனக்கு 14-வது நாள் நடுவில் கரண்ட் போனது. கம்ப்ரஸர் நின்றதும் வந்த அமைதி எவ்வளவு பயங்கரம் என்று சொல்லித் தெரியாது. உள்ளே நாம் விடும் மூச்சை வெளியேற்றிக்கொண்டிருப்பதும் அதே கம்ப்ரஸரின் காற்றோட்டம்தான். அது நின்றால் கரியமில வாயு சேரத் தொடங்கும். அழுத்தம் இறங்காமல் ஜிப் திறக்காது. அழுத்தத்தை உள்ளிருந்தே வெளியேற்றும் வால்வு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட வரும்வரை முதல் தடவை ஜிப்பை மூட விடாதீர்கள். வெளியே ஆள் இல்லாமல் ஒருபோதும் படுக்காதீர்கள்.

உண்மையான ஹைப்பர்பாரிக் சிகிச்சையைப் பழிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து உடம்பில் குமிழி கட்டிய முக்குளிப்பவர்கள், கார்பன் மோனாக்சைடு நஞ்சேறியவர்கள், ஆறாத சர்க்கரைக் கால்புண், கதிர்வீச்சு சிகிச்சைக்குப் பின் சிதைந்த திசு, திடீரெனக் காது கேட்காமல் போனவர்கள் என்று அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல் இருக்கிறது. அதை டாக்டர் எழுதித் தருவார், கடினச் சேம்பரில், கண்காணிப்போடு நடக்கும். அந்தத் தேவை இருப்பவர் மென்பையில் படுத்து நாளைக் கடத்தினால் காலையே இழக்க நேரும். இதை நினைத்துத்தான் நான் எழுத உட்கார்ந்தேன். மென்பைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்திருப்பது உயரமான மலையில் ஏறுகிறவர்களுக்கு வரும் மலைநோய்க்காக. அங்கே அது உயிரைக் காக்கும், ஏனென்றால் அங்கே காற்றே மெல்லியது. கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான்: அழுத்தம் எத்தனை மடங்கு, நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், நீங்கள் காட்டும் ஆய்வு இதே இரண்டு எண்ணில் செய்ததா. மூன்றாவதற்குப் பதில் வராது.

பாக்கி 17 செஷனுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டேன். தர முடியாது, வேண்டுமானால் வீட்டில் யாருக்காவது மாற்றிக்கொடுங்கள் என்றார்கள். யாருக்கும் மாற்றவில்லை. அந்தப் பெண்ணிடம் மட்டும், இனி வருகிறவர்களிடம் சளி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஜிப்பை மூடு என்று சொன்னேன். “சரிக்கா” என்று ரிஜிஸ்டரின் மேல்பக்கத்தில் பேனாவால் எழுதிவைத்துக்கொண்டாள்.

ஃபிசியோவுக்குத் திரும்பப் போன அன்று அவர் என்னைத் திட்டவில்லை. டேப்பை எடுத்து முட்டிக்கு மேலே தொடையைச் சுற்றி இரண்டு காலையும் அளந்தார். சேம்பருக்குப் போகத் தொடங்கும் முன் ஆபரேஷன் ஆன தொடை மற்றதைவிட 3 செ.மீ. இளைத்திருந்தது. இப்போது மூன்றரை. 57 மணி நேரம் சேம்பருக்காகச் செலவழித்த காலம் முழுக்க அந்தத் தசை கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. சுவரில் சாய்ந்து உட்கார்வது, காலை நீட்டித் தூக்குவது, ஒரு படி ஏறி இறங்குவது என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். போன வாரம் அளந்தபோது வித்தியாசம் ஒன்றரைக்கு வந்திருந்தது.